அப்பாவின் ஸ்டெம் செல்களை உறைய வைப்பதா, குளிர்பதனப் பெட்டியில் வைப்பதா?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 59. சென்ற ஆண்டு இடுப்பு வலியில் தொடங்கிய அலைச்சல், மல்டிபிள் மைலோமா எனும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் என்ற முடிவில் வந்து நின்றது. நான்கு சுற்று மருந்து முடிந்து நோய் நன்றாகக் கட்டுக்குள் வந்திருக்கிறது. அடுத்ததாக, இரத்தத்தை உருவாக்கும் அவருடைய ஸ்டெம் செல்களையே இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு, மெல்ஃபலன் என்ற புற்றுநோய் மருந்தை அதிக அளவில் செலுத்திய பிறகு, அது மஜ்ஜையையும் அழித்துவிடும் என்பதால், அவற்றை அவருக்கே திருப்பி ஏற்றலாம் என்கிறார்கள்.

எடுப்பதற்கும் ஏற்றுவதற்கும் இடையில் இருக்கும் சில நாட்களைப் பற்றித்தான் எனக்குக் குழப்பம். நாங்கள் பார்த்துவரும் மருத்துவமனையில், எடுத்த செல்களை உறைய வைக்காமல் 4 டிகிரி குளிரில் இரத்த வங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, மூன்று நாட்களுக்குள் ஏற்றிவிடுவதே வழக்கம் என்றார்கள். இரண்டாவது கருத்துக்காகச் சென்ற இடத்திலோ, திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பாதுகாப்பதுதான் முறை என்றும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்றும் சொன்னார்கள். இருவருமே அனுபவம் மிக்க மருத்துவர்கள் என்பதால் யார் சொல்வதையும் தள்ள மனம் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒன்றுதான் கேட்டார்: "எடுத்து வைத்தது கெட்டுப்போய்விட்டால் என்ன செய்வார்கள்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

சோதனைக்குழாய்:

தம்பி, நான் ஸ்டெம் செல் ஆய்வகத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்கள் அப்பா கேட்டதுதான் இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

4 டிகிரியில் ஸ்டெம் செல்லின் இயக்கம் மெதுவாகுமே தவிர நின்றுவிடாது. பைக்குள் இருக்கும் சத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்து, அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போவதால், ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு செல்கள் மடியும். 72 மணி நேரம் வரை இந்த இழப்பு பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் நாளைக் கடத்துவது நல்லதல்ல. திரவ நைட்ரஜனின் ஆவியில், −150 டிகிரிக்கும் கீழே வைத்தால் அந்த இயக்கம் ஏறத்தாழ முழுவதும் நின்றுவிடுகிறது. 20 ஆண்டுகளுக்கு மேல் உறைந்திருந்த தொப்புள்கொடி இரத்தத்தை உருக்கிப் பார்த்தபோது அதிலிருந்த ஸ்டெம் செல்கள் வேலை செய்யும் நிலையில் இருந்ததை அமெரிக்காவில் ஹால் பிராக்ஸ்மேயர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியிருக்க, மைலோமாவுக்குக் குளிர்பதனப் பெட்டி எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் மெல்ஃபலன்தான். அந்த மருந்தை ஒரே நாளில் கொடுத்து முடித்துவிடலாம். இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், ஒரு நாள் கழிந்தபின் ஏற்றப்படும் செல்களைக் கொல்லும் அளவுக்கு அது மிஞ்சி இருக்காது. திங்களும் செவ்வாயும் செல்களை எடுத்து, செவ்வாய் மாலை மெல்ஃபலன் கொடுத்து, வியாழன் காலை ஏற்றினால், முதல் நாள் எடுத்த பைக்குக் கூட 72 மணி நேரம் ஆகியிருக்காது. நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா நோயாளிகளுக்குக் கொடுக்கும் பீம் என்ற நான்கு மருந்துக் கூட்டு ஆறு நாட்கள் நீள்வதால், வழக்கமான முறையில் அங்கே இந்தக் கணக்கு ஒத்துவராது. உறைய வைத்தே ஆக வேண்டும்.

உறைய வைப்பது என்றால் பையைக் கடுங்குளிரில் போட்டு மூடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போட்டால் செல்லுக்குள்ளேயே பனிப்படிகங்கள் உருவாகி அதன் சவ்வைக் கிழித்துவிடும். மிக மெதுவாகக் குளிர்வித்தாலும் கேடுதான்; வெளியிலிருக்கும் நீர் முதலில் உறைய, மீதமுள்ள திரவத்தில் உப்புச் செறிவு ஏறி, செல் சுருங்கி வாடிப்போகும். இந்த இரண்டு கேடுகளுக்கும் நடுவில் ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் ஏற்ற ஒரு வேகம் உண்டு என்பதை பீட்டர் மேசர் விளக்கினார். இரத்த ஸ்டெம் செல்லுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி. அந்த வேகத்தில் குளிர்வித்தாலும் பாதுகாப்பு மருந்து ஒன்று வேண்டும். 1949இல் லண்டனில் சேவலின் விந்தணுவை உறைய வைக்க முயன்ற போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் கிளிசராலின் பயனைக் கண்டார்கள்; ஆய்வகத்தில் புட்டி மாறிப்போனதால் கிடைத்த கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்வார்கள். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து லவ்லாக்கும் பிஷப்பும் டிஎம்எஸ்ஓவை அறிமுகப்படுத்தினார்கள். இன்றும் நாங்கள் பெரும்பாலும் 10 விழுக்காடு டிஎம்எஸ்ஓவைத்தான் கலக்கிறோம்.

நான் நாள்தோறும் பார்ப்பதைச் சொல்கிறேன். பையை மெல்லிய தட்டையான உலோக உறையில் வைப்போம். எல்லா இடமும் ஒரே கனத்தில் இருந்தால்தான் ஒரே வேகத்தில் குளிரும். கருவியின் திரையில் வெப்பநிலைக் கோடு சீராக இறங்கி வரும். பூச்சியத்துக்குச் சில டிகிரி கீழே போனதும், நீர் பனியாக மாறும்போது வெளிவிடும் வெப்பத்தால் அந்தக் கோடு சட்டென்று ஒரு சிறு மேடு கட்டும். கருவி அந்த நொடியில் நைட்ரஜன் ஆவியைப் பீய்ச்சி மேட்டைத் தணிக்க வேண்டும். அதனால் மேடு எவ்வளவு உயர்ந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பதைத்தான் ஒவ்வொரு பைக்கும் முதலில் பார்ப்போம். அந்த வரைபடம் நோயாளியின் கோப்பில் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள்.

மலர்விழி:

சகோதரருக்கு வணக்கம். என் கணவருக்கு லிம்ஃபோமா திரும்பி வந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய சொந்தச் செல்களை உறைய வைத்து ஏற்றினார்கள். நாங்கள் நேரில் பார்த்ததை எழுதுகிறேன்.

ஏற்றும் நாளில் கட்டிலுக்கு அருகிலேயே 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நைட்ரஜன் கலத்தைத் திறந்ததும் வெண்புகை தரையில் வழிந்தது. பையை எடுத்து, மேலே ஒரு உறை போட்டு, நீரில் மெதுவாக அசைத்து உருக்கி, உடனே ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். உருகிய பிறகு டிஎம்எஸ்ஓவே செல்களுக்குக் கெடுதல் செய்யும் என்பதால் தாமதிக்கக் கூடாது என்று செவிலியர் சொன்னார். ஏற்றும்போது அவருக்கு நெஞ்சு இறுகியது, இருமினார், குமட்டியது. முன்கூட்டியே மருந்து போட்டிருந்ததால் சிறிது நேரத்தில் அடங்கியது. வாயில் ஒதுக்கிக்கொள்ளப் புளிப்பு மிட்டாய் கொடுத்தார்கள். அவர் மூச்சிலும் வியர்வையிலும் பூண்டும் வேகவைத்த சோளமும் கலந்தாற்போன்ற ஒரு நெடி இரண்டு நாட்கள் இருந்தது. இதை யாரும் முன்பே சொல்லாததால் நான் மிகவும் பயந்துபோனேன்.

என் மனத்தில் ஆறாத ஒன்றும் உண்டு. நான்கு பைகளில் ஒன்றை உருக்கும்போது அதன் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விட்டு உறைக்குள் கசிந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றை மட்டும் ஏற்றினார்கள். செல் எண்ணிக்கை போதுமானதாக இருந்ததால் பாதிப்பு இல்லை. பதின்மூன்றாம் நாள் வெள்ளணுக்கள் ஏறின. ஆனால் அந்தப் பதின்மூன்று நாட்களும் எங்களிடம் இதைச் சொல்லாமல், வீட்டுக்கு அனுப்பும் நாளில் போகிறபோக்கில் சொன்னார்கள். விரிசல் விட்டதற்காக நான் யார் மீதும் குறை சொல்லவில்லை. மறைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்காளர்:

எல்லோரும் பொறுமையாக விளக்குகிறீர்கள். ஆனால் எனக்கு அடிப்படையான ஒரு மறுப்பு இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உறைய வைப்பதே பொதுவான நடைமுறை. நம் நாட்டிலும் மெக்சிகோ போன்ற நாடுகளிலும்தான் குளிர்பதனப் பெட்டி முறை பரவலாக இருக்கிறது. உறைய வைக்கும் கருவியும் நைட்ரஜன் கலமும் விலை அதிகம் என்பதற்காக நோயாளியின் உயிரை இரண்டாந்தர முறையில் பணயம் வைப்பது நியாயமா? வசதியுள்ளவருக்கு ஒரு முறை, இல்லாதவருக்கு ஒரு முறை என்று இருப்பதை மருத்துவ அறிவு என்ற பெயரில் நாம் நியாயப்படுத்தக் கூடாது என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற மருத்துவர்:

கணக்காளர் அவர்களின் கோபத்தை மதிக்கிறேன். செலவு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உறைய வைக்கும் வசதிக்காகக் காத்திருந்தால் பல ஊர்களில் இந்தச் சிகிச்சையே தொடங்கியிருக்க முடியாது. ஆனால் மலிவாக இருப்பதாலேயே ஒரு முறை தரம் குறைந்ததாகிவிடாது.

உறைய வைப்பதும் ஒரு இழப்போடுதான் வருகிறது. உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் ஸ்டெம் செல்களில் ஒரு பகுதி மடிகிறது. பையில் கூடவே இருக்கும் கிரானுலோசைட் என்ற வெள்ளணுக்கள் உறைதலைத் தாங்குவதே இல்லை. அவை உடைந்து சிதறும் கழிவும் டிஎம்எஸ்ஓவும் சேர்ந்துதான் மலர்விழி அவர்கள் குறிப்பிட்ட இருமல், குமட்டல், இறுக்கம் ஆகியவற்றைக் கொடுக்கின்றன. மைலோமாவில் ஒற்றை நாள் மெல்ஃபலனுக்குப் பிறகு குளிர்பதனப் பெட்டிச் செல்களை ஏற்றியவர்களுக்கு வெள்ளணுக்கள் மீள்வது, உறைந்த செல்களைப் பெற்றவர்களைவிடத் தாமதமானதாக வெளியான அனுபவங்கள் காட்டவில்லை.

வேறொருவரின் செல்களை ஏற்றும் சிகிச்சையிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. 2020 மார்ச்சில் கோவிட் காரணமாக விமானங்கள் நின்றபோது, உறவில்லாத கொடையாளர்களின் செல்களை முன்கூட்டியே வரவழைத்து உறைய வைத்த பிறகே நோயாளிக்கு மருந்தைத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் கொடையாளர் பதிவகம் விதித்தது. அதுவரை கொடையாளர் செல்கள் பெரும்பாலும் உறையாமலேயே, குளிர்ப்பெட்டியில் கையோடு எடுத்துச் செல்லப்பட்டு ஏற்றப்பட்டுவந்தன. இரத்தப் புற்றுநோயாளிகள் பலரிடம் அந்த மாற்றம் பெரிய கேட்டை விளைவிக்கவில்லை. ஆனால் மஜ்ஜை இரத்தம் உருவாக்காமல் போகும் கடுமையான அப்லாஸ்டிக் அனீமியா நோயாளிகளை ஆராய்ந்தபோது, உறைந்த செல்கள் மஜ்ஜையில் பிடித்து வளராமல் போவது கூடுதலாக இருந்தது. எந்த நோய், எந்த மருந்து, எத்தனை நாள் இடைவெளி என்று கேட்ட பிறகே எந்த முறை நல்லது என்று சொல்ல முடியும்.

குளிர்பதனப் பெட்டியின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. இதைத்தான் வைகைக்கரையான் கவனிக்க வேண்டும். அந்த முறையில் நின்று யோசிக்க நேரமில்லை. செல்களை எடுத்து முடித்த இரவில் நோயாளிக்குக் காய்ச்சல் வந்துவிட்டால், மெல்ஃபலனைத் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் செல்கள் பழுதாகும். முதல் இரண்டு நாட்களில் போதிய செல்கள் கிடைக்காமல் மூன்றாம் நாளும் எடுக்க வேண்டிவந்தால், முதல் பையின் நேரம் நெருக்கும். பையில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முழு முடிவு வருமுன்பே ஏற்ற வேண்டியிருக்கும். உறைய வைத்திருந்தால் இவை எல்லாவற்றுக்கும் அவகாசம் கிடைக்கும். செல்கள் பத்திரமாக இருப்பது உறுதியான பின்னரே மெல்ஃபலனைத் தொடலாம். உங்கள் அப்பாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இன்னொன்று. அவர் லெனலிடோமைடு என்ற மைலோமா மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால், சுற்றுகள் கூடக்கூடச் செல்களைத் திரட்டுவது கடினமாகும். முதல் சிகிச்சையின் பலன் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, அதன் பிறகு நோய் திரும்பினால், இரண்டாம் முறை இதே சிகிச்சையைச் செய்ய வாய்ப்புண்டு. அப்போது புதிதாகச் செல்களை எடுப்பதைவிட இப்போதே இரண்டு பங்காக எடுத்து ஒன்றை உறைய வைத்திருப்பது எளிது. ஒரு முறை ஏற்றுவதற்கு உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள் (சிடி34 என்பது ஸ்டெம் செல்களை அடையாளம் காண உதவும் குறி) வேண்டும். 40, 50 லட்சம் கிடைத்தால் மனநிறைவு.

நெல்லைச்சீமை:

இதே தலைப்பில் ஒரு சிறு ஐயம். என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை உறைய வைத்தால் பிற்காலத்தில் அதே குழந்தைக்கு இரத்தப் புற்றுநோயோ தலசீமியாவோ வந்தால் காப்பாற்றலாம் என்று ஒரு நிறுவன முகவர் வீட்டுக்கே வந்து சொன்னார். நம்பலாமா?

சோதனைக்குழாய்:

அண்ணாச்சி, அந்த முகவர் சொன்னது தவறு. தலசீமியா மரபணுவிலேயே இருக்கும் குறை. அதே குழந்தையின் தொப்புள்கொடிச் செல்லிலும் அந்தக் குறை இருக்கும். குழந்தைப் பருவ இரத்தப் புற்றுநோய்கள் பலவற்றில் நோயின் வித்து பிறக்கும்போதே இரத்தத்தில் இருப்பதுண்டு. ஆகவே மருத்துவர்கள் சொந்தச் செல்லை நாட மாட்டார்கள். குழந்தையின் சொந்தப் பிற்காலத் தேவைக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017 வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. 1988இல் பாரிசில் எலியான் குளுக்மன் செய்த முதல் தொப்புள்கொடி இரத்த மாற்றத்தில், ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை இரத்த நோய் இருந்த சிறுவனுக்கு ஏற்றப்பட்டது அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி இரத்தம். வீட்டில் ஏற்கெனவே அத்தகைய நோயுள்ள ஒரு குழந்தை இருந்தால் மட்டும், பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தம் பற்றி மருத்துவரிடம் அவசியம் பேசுங்கள்.

வைகைக்கரையான்:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். உங்கள் பதில்களை அச்செடுத்துக்கொண்டு போய் இரண்டு மருத்துவர்களிடமும் பேசினோம். இறுதியில், உறைய வைக்கும் வசதியுள்ள மருத்துவமனையிலேயே, முதல் நாள் எடுப்பதை உறைய வைப்பது, இரண்டாம் நாள் எடுப்பதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஏற்றுவது என்று முடிவானது. இரண்டாம் நாள் பைக்கு ஏதேனும் நேர்ந்தால் கையில் முதல் நாள் பை இருக்கும். நேராவிட்டால் அது பிற்காலத்துக்கு ஆகும்.

செல்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரவைக்கும் ஊசியை நான்கு நாட்கள் போட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பும் மார்பெலும்பும் விண்விண் என்று தெறித்தன. நான்காம் நாள் சோதனையில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 9 சிடி34 செல்கள்தான் இருந்ததால் அன்றிரவு, செல்களை மேலும் வெளியே வரவைக்கும் பிளெரிக்சாஃபர் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாள் காலை 46 ஆகியிருந்தது. பிரித்தெடுக்கும் கருவியோடு நான்கரை மணி நேரம் படுத்திருந்தார். நடுவில் உதடு மரத்துப்போவதாகச் சொன்னார். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்படி ஆகும் என்று சொல்லிக் கால்சியம் கொடுத்ததும் சரியானது. தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு கையகலப் பையில் செல்கள் சேர்ந்தன. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றார். செவிலியர் கண்ணெதிரில் பிடித்துக் காட்டினார்.

முதல் நாள் கிலோவுக்கு 33 லட்சம், இரண்டாம் நாள் 28 லட்சம். புதன் பிற்பகல் எடுத்ததை வெள்ளி காலை ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் முடிந்தது. நெடியும் இல்லை, இருமலும் இல்லை. அதன் பிறகான வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் கொடுமையாகத்தான் இருந்தன. பதினோராம் நாள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500ஐத் தாண்டியது. இப்போது வீட்டில் இருக்கிறார். கஞ்சியிலிருந்து இட்டிலிக்கு வந்துவிட்டார்.

மலர்விழி அக்கா, உறைய வைத்த பை எடுக்கப்படும் நாளில் அதன் நிலையை உடனே எங்களிடம் சொல்ல வேண்டும் என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். உங்கள் பதிவைப் படித்ததால்தான் அது எங்களுக்குத் தோன்றியது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அந்த உறைந்த பையை வைத்திருக்க ஆண்டுதோறும் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பது? நாளாக ஆக அதன் தரம் குறையுமா?

மலர்விழி:

தம்பி, அப்பா இட்டிலி சாப்பிடுகிறார் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. என் கணவரிடமும் வாசித்துக் காட்டினேன். ஆறு மாதங்களுக்குக் கூட்டம் நிறைந்த இடங்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய்:

தம்பி, மிக்க மகிழ்ச்சி. வெப்பநிலை −150க்கு மேல் ஏறாதவரை ஐந்து ஆண்டுகள் ஆனாலும் பத்து ஆண்டுகள் ஆனாலும் குறிப்பிடத்தக்க குறைவு இராது. வெப்பநிலை ஏறி இறங்குவதுதான் ஆபத்து. 2018இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் நைட்ரஜன் கலத்தில் வெப்பநிலை ஏறி, 4000க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் கெட்டுப்போயின. தொலைவிலிருந்து எச்சரிக்கும் மணி அணைந்திருந்தது. ஆகவே உங்கள் பை இருக்கும் மையத்தில் கலத்தின் வெப்பநிலை இடைவிடாமல் பதிவாகிறதா, இரவில் மணி அடித்தால் யாருக்குப் போகும், மாற்றுக் கலம் தயாராக இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். பையை நைட்ரஜன் திரவத்துக்குள் அமிழ்த்தி வைக்கிறார்களா, ஆவியில் வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். 1990களில் லண்டனில் ஒரு பை கசிந்து, அதே திரவத்திலிருந்த மற்ற பைகளுக்கு ஹெபடைடிஸ் பி பரவிய பிறகு ஆவியில் வைப்பதையும் மேலுறை போடுவதையும் பலரும் மேற்கொண்டார்கள்.

எத்தனை ஆண்டுகள் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் வயதில், இரண்டாம் முறை மெல்ஃபலனைத் தாங்கும் உடல்நிலை இருக்கும்வரை வைத்திருப்பது பொருளுள்ளது என்று எங்கள் மையத்தில் சொல்வோம். சிறுநீரகமோ இதயமோ இடம் தராத நிலை வந்தால் கட்டணத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

பையோடு சேர்த்து அதே கலவையில் இரண்டு மூன்று சிறு குப்பிகளையும் உறைய வைத்திருப்பார்கள். என்றாவது பையைப் பயன்படுத்த வேண்டிவந்தால், முதலில் ஒரு குப்பியை உருக்கி உயிருள்ள செல்கள் எத்தனை விழுக்காடு என்று பார்க்கச் சொல்லுங்கள். பையைத் தொட வேண்டியதில்லை. குப்பிகளின் எண்ணிக்கை உங்கள் ரசீதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வீடு மாறினாலோ தொலைபேசி எண் மாறினாலோ மையத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கடிதம் திரும்பி வந்துவிட்டதால் யாருடையது என்று கேட்க ஆளில்லாமல் எங்கள் கலத்திலேயே சில பைகள் கிடக்கின்றன.